நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

வேன் பத்துக்கண்ணு ஊரைத் தாண்டியதும் மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைப்பேன். தொண்டமாநத்தம் வருவதற்குள் முக்கால்வாசி கரைந்திருக்கும். சேதராப்பட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேட்டில் இறங்கும்போது வாயில் கசப்பு மட்டும் மீதி இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் வீண், நாக்குக்கு அடியில் கரைந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கிறவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் வந்து நின்று பார்க்க வேண்டும். மாமியாருக்கு டீத்தூள் டப்பா எங்கே என்று என் வாயால் சொன்னால்தான் தெரியும். மகளுக்கு ஒரு சாக்ஸ் எப்போதும் காணாது. வீட்டுக்காரருக்குச் சட்டை கண்ணெதிரே தொங்கினாலும் நான் காட்ட வேண்டும். ஒரு பொம்பளை பத்து நிமிடம் பதில் சொல்லாமல் நின்றால், அவளுக்கு என்ன திமிர் என்று மூன்று பேரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வேனில் எல்லாரும் தூங்குவார்கள். யாருக்கும் என்னிடம் எதுவும் வேண்டியதில்லை. அதனால்தான் வேன்.

எனக்கு முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாதம் நின்று வேலை செய்யாதே என்றார் டாக்டர். ஆறாவது வாரம் லைனில் நின்றேன். எங்கள் கம்பெனியில் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மூடி செய்கிறோம். மெஷினிலிருந்து சூடாக விழுகிற மூடியின் ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி எடுத்து, மூடியை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். உட்கார்ந்தால் கை வேகம் குறைகிறது என்று எந்த மகராசனோ கண்டுபிடித்து, ஸ்டூலையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் இடுப்பு தனியாகக் கழன்றுவிடும்போல் இருக்கும்.

வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கேட்டது. சீட்டு முடிந்த பிறகும் ஒரு மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. போனது இடுப்பு வலி மட்டும் இல்லை. மாமியார் பேசுவதுகூடப் பக்கத்து வீட்டு டிவி மாதிரி கேட்டது. யாரும் என்னைத் தொட முடியாது என்று இருந்தது. ஒன்று இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு. வலி எப்போதோ நின்றிருக்கும். மாத்திரை நிற்கவில்லை. அப்படியே மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது.

எங்கள் லைனைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு லைனுக்குப் பதினாறு பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு கட்டை, சிவப்பு பெயிண்ட் அடித்தது. கையில் கட்டை இருந்தால்தான் லைனைவிட்டு நகரலாம். போய் வந்தவள் அடுத்தவள் கையில் கொடுப்பாள். கட்டை கைமாறும்போதுதான் மற்றதெல்லாமும் கைமாறும். ஊக்கு, நாப்கின், ஸ்டிக்கர் பொட்டு, ஊறுகாய்ப் பாக்கெட், மாத்திரை. கேட்டவளுக்கு இல்லை என்று சொல்வது எங்கள் லைனில் கேவலம். சோறு இல்லை என்று சொன்னாலும் மன்னித்துவிடுவார்கள். மாத்திரையை ஒளித்து வைக்கிறாள் என்று பேர் வந்தால் அவ்வளவுதான்.

நானும் கொடுத்தேன், யார் கேட்டாலும். பெரும்பாலானவர்கள் ஒன்று போட்டுக்கொண்டு, தலை சுத்துது என்று மறந்துவிட்டார்கள். ஒருத்தி மறக்கவில்லை. என் அடுத்த மெஷின்காரி. பாகூர் பக்கம் பிறந்து, எங்கள் வில்லியனூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், வயது இருபத்தாறு. அவளும் நின்று நின்று இடுப்பு போனவள்தான்.

"இன்னா மாத்திரக்கா அது? எனக்கும் ஒண்ணு குடேன்" என்றாள் ஒருநாள், கட்டையை வாங்கும்போது.

கொடுத்தேன். மறுநாள் எந்தக் கடை என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவளுக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

பிறகு ஒரு வாரம் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. ஏதோ சோதனை என்றார்கள். இரண்டாம் நாளே எனக்கு மூக்கில் தண்ணீர், வயிற்றுப்போக்கு, கால் இரண்டையும் எவனோ உள்ளிருந்து முறுக்குகிற மாதிரி. படுக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. வீட்டுக்காரர் டெங்கு என்று நினைத்து ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு லேடி டாக்டர் என் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா? எத்தனை?" என்று கேட்டார். எத்தனை என்று சொன்னேன். வீட்டுக்காரர் அந்த எண்ணிக்கையைக் கேட்டு வெளியே போய்விட்டார். கொத்தனார் அவர், பேச்சு குறைவு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "வூட்ல யாருக்கும் சொல்ல வாணாம்" என்றார். அதற்கு மேல் இன்றுவரை அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அப்படித்தான் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வந்தது. கம்பெனிக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு போட்டேன். அது இன்னொரு கூத்து. லைன் பெண்கள் மூன்று பேர் கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் எதிரில் குடித்தேன். அடுத்த மெஷின்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு இன்னும் மஞ்சளாதான்கா இருக்குது" என்றாள். என் கண்ணில் ஒரு மஞ்சளும் இல்லை.

முதலில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள், பாதிப் பேர் மீசை சரியாக முளைக்காதவர்கள். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "பையன உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்பார். நான்தான் அந்தப் பையன் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. நர்ஸம்மா மாத்திரையை என் கையில் கொடுத்து, அவர் கண்ணெதிரே வைக்கச் சொல்லி, பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைப்பார். அப்புறம், "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்பார். சிலர் மாத்திரையை அங்கே வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்றுவிடுகிறார்களாம். நாற்பது வயதில், பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் தாயான நான், ஒருத்தி எதிரில் வாயைப் பிளந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். முதல் நாள் கூசியது. பிறகு கூசவில்லை. எதுவுமே பிறகு எதுவாகவும் இல்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்து, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் அன்றைய மாத்திரையை அவர்கள் எதிரில் போட்டுக்கொண்டு, மீதி ஆறு நாளுக்கு வாங்கி வர வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வேனில் மாத்திரை கிடையாது. மத்தியானத்துக்குமேல் கொட்டாவி கொட்டாவியாக வரும், முதுகில் வேர்வை ஓடும். அன்றைக்குக் கத்தியை மெதுவாகப் பிடிப்பேன்.

மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. பழைய மாத்திரை மேல் ஆசை நின்றது. கூடவே எல்லாம் நின்றது. மகள் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். எல்லாரும் கை தட்டும்போது நானும் தட்டினேன். தட்ட வேண்டிய இடம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். மாமியார் திட்டினால் கோபம் வருவதற்குப் பதிலாக, இவர் இதைப் போன வாரமும் சொன்னாரே என்று தோன்றும். மரத்துப் போனது என்பார்களே, அதுதான். லைனில் மட்டும் அது வசதியாக இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மூடி, ஒவ்வொன்றிலும் பிசிறு. ஒன்றும் நினைக்காமல் சீவுகிறவளுக்குத்தான் ரிஜெக்‌ஷன் குறைவு. சூப்பர்வைசர் என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார்.

வேனில் அடுத்த மெஷின்காரி எப்போதும் என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே அவள் கவனித்துவிட்டாள். பத்துக்கண்ணு தாண்டினால் இந்த அக்கா பேசுவதில்லை. வழியில் ஏரி தெரிகிற வரைக்கும், அது மறைந்த பிறகும் வாயைத் திறப்பதில்லை. தினமும் அப்படி.

"மாதாவுக்கு வேண்டுதலாக்கா?" என்று கேட்டாள்.

நாங்கள் மாதா கோயில்காரர்கள் என்று அவளுக்குத் தெரியும். உடம்பு தேறினால் இத்தனை நாள் மௌனமாக இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருப்பேன் என்பது அவள் கணக்கு. எங்கள் பக்கத்தில் மாதாவுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் பாதிப் பேர் இந்துக்கள்தான். அதனால் அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. என் வாயில் மாத்திரை இருந்தது. இல்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினேன்.

அடுத்த நாளே வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்துக்கண்ணு வந்தால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். "அக்கா வேண்டுதல்ல இருக்குது, கொஞ்சம் சும்மா இருங்கடி" என்று முன் சீட்டிலிருந்து ஒருத்தி அதட்டுவாள். செவ்வாய்க்கிழமை நான் சாதாரணமாகப் பேசுவதற்கும் அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். "செவ்வா அம்மனுக்கு உள்ள நாளு. மாதா அன்னிக்கு லீவு வுட்டுக்கும்" என்றாள் அதே முன் சீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். தம்பிக்கு வெளிநாட்டு விசா வரணும். மாமனார் காலில் புண் ஆறணும். வீட்டுக்காரன் குடியை விடணும், இது முன் சீட்டுக்காரி. அந்தப் பத்து நிமிடத்தில் குனிந்து என் காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பதில் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கு வசதி. அடுத்த மெஷின்காரி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "கல்யாணம் ஆயி மூணு வருசம் ஆவுதுக்கா. ஒரு புள்ள வேணும்னு கேளு. எனக்காக." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் யாருக்காகவும் வேண்டவில்லை. அந்தப் பத்து நிமிடமும் எச்சில் விழுங்காமல் இருப்பதிலேயே போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில், கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று இரண்டே இரண்டைச் சொல்வேன், சின்ன வயதிலிருந்து அதே இரண்டுதான். அந்த வருடமும் அதையேதான் சொன்னேன். சாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பர்மனென்ட் பேச்சு வந்தது. நான் பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். எங்கள் ஷிப்டில் எட்டுப் பெண்களை நிரந்தரம் ஆக்கப்போவதாகவும், என் பேர் முதலில் இருப்பதாகவும் சூப்பர்வைசரே சொன்னார். மழை மாதங்களில் கொத்தனாருக்கு வேலை இருக்காது. எங்கள் வீடு என் வேலையில்தான் நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசரே இன்னொன்றும் சொன்னார்: போதைக் கேஸ் எதுவும் ஷாப் ஃப்ளோரில் இருக்கக் கூடாது என்று மேலே கண்டிப்பாக இருக்கிறார்கள். நைட் ஷிப்டில் இரண்டு ஆண்களை அதற்கு முந்தின மாதம்தான் கேட்டோடு வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். நான் சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டேன். நான் சாப்பிடுவது மருந்துதான், போதை இல்லை. ஆனால் இந்த வித்தியாசத்தைக் கேட்டில் நின்று எவனுக்கு விளக்குவது?

அடுத்த மெஷின்காரியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தாள். மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். சிவப்புக் கட்டையை ஒரு ஷிப்டில் ஐந்து முறை கேட்டாள். போய்த் திரும்பினால் எல்லாரிடமும் அன்பாகப் பேசினாள். எனக்குத் தெரியாத அறிகுறியா? பார்த்தேன், தெரிந்தது, பிசிறைச் சீவினேன். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன், மாதக் கணக்கில். சொன்னால் உனக்கெப்படிக்கா தெரியும் என்பாள். அப்புறம் எல்லாம் வெளியே வரும். லிஸ்ட் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை. பத்துக்கண்ணு தாண்டி மாத்திரையை வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் பையிலிருந்து ஒரு முழம் மல்லிப்பூவை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒரு ஸ்வீட் டப்பாவையும் வைத்தாள்.

"நாள் தள்ளிப்போயி ரெண்டு மாசம் ஆவுதுக்கா. நேத்துதான் டெஸ்ட் எடுத்தன்" என்றாள். "உன் வேண்டுதல்தான். வேற ஒண்ணியும் இல்ல."

பின் சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முன் சீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பையில் மறுபடி கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதி காலி. பின்பக்கச் சிவப்பு எழுத்தைப் படிக்கத் தேவையே இல்லை, எனக்கு அந்த அட்டை சத்தத்திலேயே தெரியும்.

"இடுப்பு வுட்டு விழுதுக்கா. இப்ப வேற எதுவும் போடக் கூடாதாம். நல்லவேள, நீ குடுத்தது இருக்குது" என்று இரண்டைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என்னை அறியாமல் செய்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாக அறிந்துதான் செய்தேன். லிஸ்ட் ஞாபகம் வந்தது, மகள் ஞாபகம் வந்தது, எல்லாம் வந்தது. ஆனால் வாயில் மாத்திரை, பேச முடியாது. அவள் சிரித்துக்கொண்டே கையை இழுத்தாள், பூவுக்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. நான் வாயைத் திறந்தேன். நர்ஸம்மா சொல்கிற மாதிரியே, அகலமாக. நாக்கைத் தூக்கினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளையாக, பாதி கரைந்து, எச்சிலோடு கிடந்திருக்கும். முகம் சுருங்கியது. பின் சீட்டுக்காரியும் பார்த்தாள்.

"இன்னாக்கா அது?"

"மருந்து" என்றேன். எச்சில் மோவாயில் வழிந்தது. "வேண்டுதல் இல்ல. ஒரு நாளும் இல்ல. இந்த மாத்திரய நான் போட்டுப் போட்டு வுட முடியாம, அதுக்குத்தான் இந்த மருந்து. மஞ்சக் காமால எல்லாம் பொய்."

 ஜன்னல் பக்கம் ஏரி தெரிந்தது.

"நீயா திடீர்னு நிறுத்திடாத. அது ஆவாது, வயித்துல புள்ள இருக்குது" என்றேன். "செவ்வாக்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

அவள் என் மடியிலிருந்த பூவைப் பார்த்தாள். "என் புள்ளைய வெச்சி இன்னா பேசற நீ" என்றாள். அதுவரை அவள் என்னை அக்கா இல்லாமல் கூப்பிட்டதில்லை. எழுந்து, ஓடுகிற வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு மாத்திரையைப் போட்டாளா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டில் இறங்கும்போது முன் சீட்டுக்காரி என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், "மாதா பேர வெச்சி ஏமாத்திட்டியே" என்றாள். அவள் சொன்னது சரி. அவள் வீட்டுக்காரன் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருந்தான்.

அன்றைக்குப் பாதி மருந்து வழிந்து போனதில், பத்து மணிக்கே வேர்த்தது. டீ டைமுக்கு முன்பே சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். நான் என் மெஷினுக்கு வருவதற்குள் வேனில் நடந்தது அவரிடம் போய்விட்டது. கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

"இத்தினி நாளு கத்தியோட இருந்திருக்கீங்க" என்றார்.

"ஒரு நாளாச்சும் ரிஜெக்‌ஷன் வந்துதா சார்?"

"இல்ல." சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் மேல பேசறன். வேலைய எடுக்க வுட மாட்டன். ஆனா லிஸ்ட்டு என் கையில இல்லம்மா."

கத்தியை வாங்கிக்கொண்டு என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அந்த மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் எட்டுப் பேருடைய லிஸ்ட் ஒட்டியிருந்தது. என் பேர் இல்லை. பதினோரு வருடம். நோட்டீஸ் முன்னால் நின்று அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேல இருக்குதில்ல?" என்றார். இருக்குது என்றேன். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

வேனில் என் பக்கத்து சீட்டு காலியாக வந்தது. பத்துக்கண்ணு தாண்டினாலும் டிரைவர் பாட்டை நிறுத்தவில்லை. யாரும் காதில் வந்து எதுவும் கேட்கவில்லை. மாத்திரையை இப்போது ஒளிக்காமல் எல்லாரும் பார்க்கவே வைத்தேன். அது ஒன்றுதான் லாபம். அவள் கடைசி சீட்டிலிருந்து என்னைப் பார்க்கிறாள் என்று சில நாள் முதுகில் தெரியும். அவள் பக்கத்து மெஷினில் என் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். கட்டை அவளிடமிருந்து எனக்கு வருகிற வழி இல்லாமல் போனது. ஒரு செவ்வாய் போனது. இரண்டாவது செவ்வாயும் போனது. நான் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டைப் பார்ப்பேன், பஸ் வரும், ஏறிவிடுவேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவள் எனக்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். யூனிபார்ம் கோட்டைக் கழற்றிப் பையில் திணித்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. வா என்றும் சொல்லவில்லை நான், வர்றேன் என்றும் சொல்லவில்லை அவள். பஸ் வந்தது. இரண்டு டிக்கெட் எடுத்தேன்.  ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்து, "நீ யாருக்கும்மா வந்த?" என்று கேட்டார். அவள் என் பின்னால் ஒதுங்கினாள். வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் விட்டுவிட்டார்.

நர்ஸம்மா என் கையில் மாத்திரையைக் கொடுத்தார். வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் சுவரோரம் நின்றாள். அங்கே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள், அவளையே பார்த்தார்கள்.

"கூட வந்தது யாரு? உன் தங்கச்சியா?" என்று நர்ஸம்மா என்னிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள். வேனில் வாயில் மாத்திரையோடு பேசியவள்தானே நான், இங்கேயும் பேசியிருக்கலாம். நர்ஸம்மாவும் கோபித்திருக்க மாட்டார். ஆனால் இதை நான் சொல்லக் கூடாது என்று பட்டது. அவளுக்கு முதல் மாத்திரையைக் கொடுத்த வாய் இது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போயிருக்கும்.

"அக்காவால இப்ப பேச முடியாது" என்றாள் அவள். குரல் உள்ளே போய் வெளியே வந்தது. "எனக்குத்தான் பாக்கணும். அதே மாத்திரைய நானும் போடறன். முழுவாம வேற இருக்கறன்."

நர்ஸம்மா எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள். புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, பேர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். வயது கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். அவள் சொன்ன எண்ணிக்கை என் காதில் விழுந்தது. பல மாதங்களுக்குப் பிறகு என் உடம்பில் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான், அதுவும் நல்லதாக இல்லை.

நேரம் ஆனதும் நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை முகத்தைச் சுருக்காமல்.

"கரைஞ்சிடுச்சு. நீ போலாம்மா" என்றார் நர்ஸம்மா.

நான் போகவில்லை. டாக்டர் அறைக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், அவளைக் கூப்பிட நேரமாகும்.